முதல் கிட்டாரை வீட்டிலேயே செய்ய நினைப்பவருக்கு

மேசை, புத்தக அலமாரி, ஊஞ்சல் வரை செய்து பழகிவிட்டதாகவும், கிட்டார் ஓரளவு வாசிப்பீர்கள் என்றும், இனி சொந்தமாக ஓர் அக்கூஸ்டிக் கிட்டார் செய்ய ஆசை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே இரண்டு கேள்விகள். வீட்டுப் பட்டறையில் இது நடக்கிற காரியமா? நடக்கும் என்றால் எந்த மரம் வாங்குவது, ரோஸ்வுட்டா மகோகனியா?

முதல் கேள்விக்குப் பதில்: தாராளமாக நடக்கும். இரண்டாவது கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள். முதல் கிட்டார் செய்கிறவர்களில் பலர் பணத்தையும் கவலையையும் மரத்தில் கொட்டிவிட்டு, அறையின் ஈரப்பதத்தையும் கழுத்தின் கோணத்தையும் கடைசி நேரத்தில்தான் எட்டிப் பார்க்கிறார்கள். செய்த கிட்டாரை எடுத்து வாசிப்போமா, சுவரில் மாட்டிவிட்டு வேறு வேலை பார்ப்போமா என்பது பெரும்பாலும் அந்த இரண்டில்தான் முடிவாகிறது.

மேசை செய்யும்போது சந்தேகம் வந்தால் சட்டத்தைக் கொஞ்சம் தடிமனாக வைத்துவிடலாம். யாரும் குறை சொல்லப்போவதில்லை. கிட்டாரில் அது முடியாது. சாதாரண லைட் கேஜ் (மெல்லிய வகை) எஃகுக் கம்பிகள் ஆறையும் சுருதி சேர்த்தால் மொத்தமாகச் சுமார் 70 கிலோ இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்க வேண்டியது உடலின் முன்பக்கத்தை மூடும் முகப்பலகை, 3 மி.மீ. கூட இல்லாத ஒரு பலகை. தடிமனாக வைத்தால் தாங்கிக்கொள்ளும், ஆனால் அதிராது. மெலிதாக்கினால் நன்றாகப் பாடும், ஆனால் சில வருடங்களில், கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளும், முன்னால் குழி விழும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலையே. நைலான் கம்பி மாட்டும் கிளாசிக்கல் கிட்டாரில் இழுப்பு 40 கிலோ அளவுக்குத்தான் வரும், அதனால் அதன் உடல் இன்னும் லேசாக இருக்கலாம்.

முதலில் மரத்தைப் பற்றிய மயக்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். இன்றைய கிளாசிக்கல் கிட்டாரின் உடலளவையும், முகப்பலகைக்கு அடியில் விசிறி விரித்தாற்போல் மெல்லிய மரப் பட்டிகள் ஒட்டும் முறையையும் நிலைநிறுத்தியவர் ஸ்பெயினின் அல்மேரியாக்காரரான அந்தோனியோ தெ தோரெஸ். அவர் 1862-இல் ஒரு கிட்டார் செய்தார். முகப்பலகை வழக்கம்போல ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் நல்ல பலகை. பக்கங்களும் பின்புறமும் மரமே இல்லை, வெறும் காகிதக்கூழ் அட்டை. நாதத்துக்கு முகப்பலகைதான் முதலாளி என்று காட்டுவதற்காகவே செய்தார். அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1995-இல் அமெரிக்காவின் டெய்லர் கிட்டார் நிறுவனம் சரக்கு ஏற்றும் மரத்தட்டு ஒன்றைப் பிரித்து, அதன் ஓக் பலகைகளைப் பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் வைத்து, கட்டட வேலைக்கு விற்கிற சட்டத்தை அறுத்து முகப்பலகையாக்கி ஒரு கிட்டார் செய்து காட்டியது. கேட்டவர்கள் அசந்துபோனார்கள்.

இதெல்லாம் வித்தை காட்டுவதற்கு, உண்மையில் ரோஸ்வுட் ரோஸ்வுட்தான் என்பவர்களுக்கு 2018-இல் வெளியான ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தின் லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே கைவினைஞரிடம் ஒரே அளவில் ஆறு கிட்டார்களைச் செய்து வாங்கினார்கள். பின்பலகையும் பக்கங்களும் மட்டும் வேறு வேறு மரம்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். 52 கிட்டார் கலைஞர்களை மங்கலான வெளிச்சத்தில் வெல்டிங் கண்ணாடி மாட்டி உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். ஆறுக்கும் கிடைத்த மதிப்பெண்களில் பெரிய வித்தியாசமே இல்லை. விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ரோஸ்வுட் என்று உலகம் முழுக்க கிட்டார்காரர்கள் கொண்டாடுவது நம் நீலகிரி, வயநாடு, குடகுப் பக்கம் வளரும் ஈட்டி மரத்தைத்தான். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969 வாக்கில் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டுவிட்டு ஈட்டிக்கு மாறியது. அதிலிருந்து ஈட்டிதான் அந்த உலகத்தின் அன்றாட மரம். ஆனால் ஈட்டி விளையும் ஊரில் இருக்கிறோம், சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். தமிழ்நாட்டில் ஈட்டி மரத்தைப் பாதுகாக்க 1990-களில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்றது அது. 2017 ஜனவரியில் இந்த மர இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. 2019 நவம்பரில் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது. அதனால் யாராவது ரசீது இல்லாமல் "நல்ல ஈட்டி சார், பழைய வீட்டு மரம்" என்று கொண்டுவந்தால் விசாரித்து வாங்குங்கள். முதல் கிட்டாருக்கு இந்தத் தலைவலியே தேவையில்லை என்பது என் கட்சி.

பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் நம் ஊர் மகோகனி நன்றாகவே போதும். வளைக்கும்போது கொஞ்சம் பிகு பண்ணும், அவ்வளவுதான். தேக்கும் ஆகும். ஆனால் அதில் எண்ணெய்ப்பசை இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்றுமுன் அந்த இடத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். பலாமரத்தைத் தஞ்சாவூரில் வீணை செய்கிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாள்கிறார்கள், நன்றாகக் காய்ந்த பலகை கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். கழுத்துக்கும் மகோகனியே. விரல்பலகைக்கு உறுதியான, கனமான மரம் எதுவானாலும் சரி.

முகப்பலகைக்கு மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். ஸ்புரூஸ் அல்லது செடார். கிட்டாருக்கென்றே ஜோடியாக அறுத்து விற்கிற பலகையை இணையத்தில் வாங்கலாம். மிக உயர்ந்த தரம் வேண்டாம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று விற்பது பெரும்பாலும் பார்வைக்குத்தான் மட்டம். அல்லது பழைய பியானோ ஒன்று எங்காவது பிரித்துப் போடப்படுகிறதா என்று பாருங்கள். அதன் ஒலிப்பலகை பல பத்தாண்டுகள் காய்ந்த ஸ்புரூஸ். எதை எடுத்தாலும் பலகையின் முனையைப் பார்த்தால் வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அப்படி அறுத்த பலகைதான் ஈரம் ஏறி இறங்கும்போது குறைவாக அசையும், குறுக்கே விறைப்பாகவும் இருக்கும். கோடுகள் படுத்திருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சரி, இப்போது ஈரப்பதம். நம் ஊரில், அதுவும் கடலோரத்தில் செய்கிறவர்களைக் கவிழ்ப்பது இதுதான்.

மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது. குறுக்கே விரியும், சுருங்கும். கிட்டாரின் முகப்பலகை அகலமான இடத்தில் ஏறத்தாழ 400 மி.மீ. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதம் இருக்கும் அறையில் கிடந்த ஸ்புரூஸ் பலகையை 45 சதவீத அறைக்குக் கொண்டுபோனால், அந்த அகலத்தில் சுமார் 3 மி.மீ. சுருங்கப் பார்க்கும். தனியாகக் கிடந்தால் சுருங்கிவிட்டுப் போகட்டும். ஆனால் அதன் அடியில் குறுக்கே பட்டிகளை ஒட்டியிருக்கிறோம், சுற்றிலும் பக்கங்களோடு ஒட்டியிருக்கிறோம். பட்டி நீளவாக்கில் சுருங்காது, பலகையையும் சுருங்க விடாது. போக்கிடம் இல்லாத பலகை பிளக்கும். ஐப்பசி மழையில் சென்னையில் ஒட்டிய கிட்டார், மார்ச்சில் பெங்களூருக்குப் போய் ஏசி அறையில் இருந்தால் பிரிட்ஜுக்குக் கீழே நூல் பிடித்தாற்போல் வெடிப்பு வருவது இதனால்தான். எதிர்த் திசையில் ஆபத்து குறைவு. 45 சதவீதத்தில் ஒட்டிய கிட்டார் ஈரமான இடத்துக்குப் போனால் முகப்பலகை கொஞ்சம் மேலே உப்பும், கம்பி உயரும், சத்தம் மந்தமாகும். பிளக்காது. அதனால்தான் உலகம் முழுக்க கிட்டார் செய்பவர்கள் 40 முதல் 50 சதவீதத்துக்குள் பட்டறையை வைத்திருக்கிறார்கள்.

இதற்காக வீடு முழுக்க ஏசி போட வேண்டியதில்லை. குறுக்கே பட்டி ஒட்டுவதும், கிட்டாரின் உடற்பெட்டியை மூடுவதும்தான் உண்மையில் வறண்ட காற்றில் நடக்க வேண்டியவை. மற்ற வேலைகள் எந்த நாளிலும் நடக்கலாம். ஒரு சின்ன அறையில் ஏசியோ ஈரம் உறிஞ்சும் கருவியோ வைத்து, பலகைகளையும் பட்டிகளையும் அங்கே இரண்டு மூன்று வாரம் காற்றோட்டமாக நிறுத்திவையுங்கள். அறைக்கு வழியில்லை என்றால் மூடியுள்ள பெரிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டுப் பலகைகளை வைத்து, ஒட்டும் நேரத்தில் மட்டும் வெளியே எடுத்து, ஒட்டிக் காய்ந்ததும் திரும்ப உள்ளே வைக்கலாம். இரண்டு வழியிலும் ஒரு ஈரமானி வேண்டும். மலிவான ஈரமானியை அப்படியே நம்ப முடியாது. ஒரு மூடியில் சமையல் உப்பை எடுத்துத் தண்ணீர் தெளித்து ஈரமான மணல் பதத்துக்குக் குழைத்து, ஈரமானியோடு காற்றுப் புகாத பையில் போட்டு ஒரு நாள் விடுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். உங்கள் கருவி 81 காட்டினால், இனி எப்போதும் அது காட்டுவதில் 6 கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவுகள். விரல்பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பிதான் ஃபிரெட். அதை இடுவது பலருக்கு மலைப்பாகத் தெரிகிறது, உண்மையில் இது சுத்தமான கணக்கு. தலைப்பக்கம் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடில் வரை உள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட் இருக்க வேண்டிய தூரம் வரும். மீதியை மறுபடி 17.817-ஆல் வகுத்தால் இரண்டாவது. 645 மி.மீ. நீளத்துக்கு முதல் ஃபிரெட் 36.2 மி.மீ.யில் வரும், 12-ஆவது சரிபாதியில், அதாவது 322.5 மி.மீ.யில் வரும். வானியலறிஞர் கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேய் 16-ஆம் நூற்றாண்டிலேயே இந்த எண்ணை 18 என்று வைத்துக் கணக்குச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் வெகுகாலம் அதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். 18-ஆல் வகுத்துக்கொண்டே போனால் 12-ஆவது ஃபிரெட் பாதிக்குச் சுமார் 2.3 மி.மீ. முன்னாலேயே விழும். கம்பியை அழுத்தும்போது சுருதி கொஞ்சம் ஏறுவதை இந்தக் குறைவு ஓரளவு ஈடுகட்டியதால், அன்றைய காதுகளுக்கு அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது.

கணக்கைத் தாளில் போட்ட பிறகு ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். ஒவ்வொரு ஃபிரெட்டையும் முந்தைய ஃபிரெட்டிலிருந்து அளக்காதீர்கள். எல்லாவற்றையும் நட்டிலிருந்தே அளந்து குறியுங்கள். ஒன்றிலிருந்து ஒன்று அளந்தால் ஒவ்வொரு முறையும் வருகிற மயிரிழைப் பிசகு சேர்ந்துகொண்டே போகும். 12-ஆவது ஃபிரெட்டில் 1 மி.மீ. தவறினால் சுமார் 5 சென்ட் அபசுரம். அரைச்சுரத்துக்கு 100 சென்ட் என்ற கணக்கில் இது சின்னதுதான், ஆனால் பழகிய காது பிடித்துவிடும். வீணைக்காரருக்கு இந்தப் பயம் கிடையாது. அவர் மெட்டுகளை மெழுகின் மேல் பதிக்கிறார், காதால் கேட்டுக் கேட்டு நகர்த்திக்கொள்வார். கிட்டாரில் ரம்பம் இறங்கிவிட்டால் அவ்வளவுதான். ஃபிரெட்டின் அடிநாக்குக்கு ஏற்ற 0.6 மி.மீ. அகலத்துக்குக் காடி விழும் ரம்பம் தனியாக விற்கிறார்கள். இதில் மட்டும் கையில் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டாம். அல்லது காடி வெட்டிய விரல்பலகையையே விலைக்கு வாங்கிவிடுங்கள், அதில் அவமானம் எதுவும் இல்லை.

ஃபிரெட்டைவிட அதிக கிட்டார்களைக் கெடுப்பது கழுத்தின் கோணம். கம்பி விரல்பலகைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பதை 12-ஆவது ஃபிரெட்டில் அளப்பார்கள். எஃகுக் கம்பி கிட்டாரில் 2 முதல் 2.5 மி.மீ. இருந்தால் வாசிக்கச் சுகம். 4 மி.மீ. ஆகிவிட்டால் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு பிடிக்கும்போது கை கெஞ்சும். 12-ஆவது ஃபிரெட் கம்பியின் நடுவில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. குறைக்க சேடிலில் 2 மி.மீ. இறக்க வேண்டும். ஆனால் பிரிட்ஜுக்கு மேல் சேடில் நீட்டிக்கொண்டிருப்பதே சில மி.மீ.தான். கோணம் தவறினால் இறக்க இடமே இருக்காது.

இப்போது இன்னொரு கணக்கு. 14-ஆவது ஃபிரெட்டில் கழுத்து உடலோடு சேரும் கிட்டாரில், அந்தச் சேர்க்கையிலிருந்து சேடிலுக்கு ஏறத்தாழ 287 மி.மீ. கழுத்தின் அடியில் இருக்கும் ஹீலின் உயரம் சுமார் 90 மி.மீ. அந்த ஹீலின் கீழ்முனையில் 1 மி.மீ. சீவினால், விரல்பலகையின் கோடு பிரிட்ஜில் 3 மி.மீ.க்கு மேல் ஏறிவிடும். உளியை ஒரு முறை அழுத்தி இழுத்தால் போகிற மரத்தில் கிட்டாரின் தலையெழுத்தே மாறுகிறது. அதனால் இந்த இடத்தில் உளியைக் கீழே வைத்துவிட்டு உப்புத்தாளை எடுங்கள். கழுத்தை உடலோடு சேர்த்துப் பிடித்து, நடுவில் உப்புத்தாள் பட்டையைச் செருகி இழுங்கள். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை, நேரான இரும்பு அளவுகோலை விரல்பலகையின் மேல் வைத்து முனை எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். ஃபிரெட் பதித்த நிலையில் அது பிரிட்ஜின் மேல்முகத்தை உரசினாற்போல் நிற்க வேண்டும். இடவலமாகவும் பாருங்கள். கழுத்தின் நடுக்கோடு உடலின் நடுக்கோட்டில் போய்ச் சேராவிட்டால் ஓரக் கம்பி விரல்பலகையை விட்டு வெளியே விழும்.

இதனாலேயே முதல் கிட்டாருக்கு, கழுத்தை உடலில் செருகிப் பசை போட்டுச் சேர்க்கும் புறாவால் பூட்டு வேண்டாம் என்கிறேன். போல்ட் போட்டு முடுக்குங்கள். டெய்லர் போன்ற பெரிய நிறுவனமே போல்ட்தான் போடுகிறது. பிடிக்கவில்லை என்றால் கழற்றித் திரும்பச் சீவலாம், பத்து வருடம் கழித்தும் கழற்றலாம். பசை போட்ட பூட்டைக் கழற்ற நீராவி அடிக்க வேண்டும். பாரம்பரியம் என்று சொல்லிப் பிடிவாதம் பிடிப்பவர்கள் பிடிக்கட்டும். கழுத்துக்குள் டிரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு கட்டாயம் வேண்டும். 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிப்சன் கிட்டார் பட்டறையில் பிறந்த யோசனை அது. கம்பி இழுத்து வளைக்கும் கழுத்தை எதிர்ப்பக்கம் முடுக்கி நிமிர்த்தும். இரண்டு பக்கமும் வேலை செய்யும் வகையையே வாங்குங்கள்.

எல்லோரும் பயப்படுவது பக்கங்களை வளைப்பதற்கு. செய்து பார்த்தால் இதுதான் இருப்பதிலேயே சந்தோஷமான வேலை. 2 மி.மீ.க்கு இழைத்த பலகையைச் சூடான குழாயின் மேல் அழுத்திப் பிடித்தால், மரத்தின் நார்களைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் இளகுகிறது, ஆறியதும் புது வடிவத்தில் இறுகுகிறது. ஓர் அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள இரும்புக் குழாயை வைஸில் கவ்வி, உள்ளே ஊதுவிளக்கைக் காட்டினால் போதும். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு குதித்து ஓட வேண்டும், அதுதான் பதம். பலகையைக் கையால் வளைக்கப் பார்க்காதீர்கள். சூடு ஏறி, பலகை தானாகத் தளர்ந்து கொடுப்பது கையில் தெரியும். அப்போது கூடவே போங்கள். முதலில் இடுப்பு வளைவு, பிறகு மற்றவை. வேண்டியதைவிட இரண்டு பலகை அதிகமாக அறுத்துவைத்துக்கொண்டு, உபரிப் பலகையில் பழகிவிட்டு வாருங்கள். மேல் ஃபிரெட்டுகளுக்குக் கை போக ஒரு பக்கம் வெட்டி உள்ளே வளைக்கிற வடிவம் முதல் கிட்டாருக்கு வேண்டவே வேண்டாம்.

முகப்பலகையை எவ்வளவு மெலிதாக்குவது, உள்ளே பட்டிகளை எவ்வளவு சீவுவது என்பதில்தான் ஆளுக்கு ஒரு வேதம் ஓதுவார்கள். எஃகுக் கம்பிக்கு முகப்பலகையின் அடியில் எக்ஸ் வடிவத்தில் பட்டி ஒட்டும் முறையை மார்ட்டின் பட்டறை 1840-களிலேயே கையாண்டது. அன்று கம்பி குடலிழைதான். எஃகுக் கம்பி பரவலானபோது அதே எக்ஸ் அந்தப் பளுவையும் தாங்கியது. நீங்களும் அதையே பின்பற்றுங்கள், நல்ல வரைபடம் ஒன்றை விலைக்கு வாங்கி அதிலிருந்து விலகாதீர்கள். ஒரே ஒரு கணக்கை மட்டும் மனதில் வையுங்கள். பலகையின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். 3 மி.மீ. பலகையை 2.7 மி.மீ. ஆக்கினால், தடிமன் பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது, விறைப்போ நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. பட்டியின் உயரத்துக்கும் இதே கதை. உயரத்தைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். அகலத்தைக் குறைப்பதில் இவ்வளவு ஆபத்து இல்லை. அதனால் இழைப்புளியை ஓட்டும்போது வெர்னியர் பக்கத்திலேயே இருக்கட்டும். 2.8 மி.மீ.யில் நிறுத்தி, பலகையை இரு கையாலும் மெல்ல வளைத்துப் பாருங்கள், தட்டிக் கேளுங்கள். தட்டிக் கேட்டு நாதம் பிடிக்கிற வித்தையை முதல் கிட்டாரில் எதிர்பார்க்க வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இன்னொன்று இருந்தால்தானே கேட்பதற்கு அர்த்தம்? ஒவ்வொரு கட்டத்திலும் தடிமனையும் எடையையும் எழுதிவையுங்கள், இரண்டாவது கிட்டாருக்கு உதவும்.

பசை விஷயம் சுருக்கமாக. மேசைக்குப் போடும் சாதாரண வெள்ளைப் பசை, தொடர்ந்து பளு இருந்தால் மெல்ல நகர்ந்து கொடுக்கும், சூட்டில் இன்னும் சீக்கிரம். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிட்டாரை விட்டால் பிரிட்ஜ் பெயர்ந்து வருவதற்கு இது ஒரு காரணம். காய்ந்ததும் கெட்டியாக நிற்கும் மஞ்சள் வகை மரப்பசை தேவலை, அதற்கும் கார் வெயில் ஆகாது. நம் பழைய ஆசாரிகள் காய்ச்சிப் போட்ட வச்சிரப் பசை இந்த வேலைக்கு இன்றும் முதல் தரம். இறுகினால் கண்ணாடி மாதிரி நிற்கும், வேண்டும்போது சூடும் ஈரமும் காட்டிப் பிரிக்கலாம். ஆனால் சூடாக இருக்கும்போதே மளமளவென்று ஒட்டி கிளாம்ப் போட வேண்டும், புதிதாகச் செய்பவருக்குப் பதற்றம்தான். கருவிகளைப் பொறுத்தவரை நன்றாகத் தீட்டிய உளி, சின்ன இழைப்புளி, மெல்லிய ரம்பம், நேரான இரும்பு அளவுகோல், ஒரு வெர்னியர், அப்புறம் கிளாம்ப், இன்னும் கிளாம்ப், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கிளாம்ப். உப்புத்தாள் போடும்போது முகமூடி கட்டாயம். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும், எந்த மரத்தூளும் நுரையீரலுக்கு நல்லதில்லை.

மெருகுக்கு என் பரிந்துரை பிரெஞ்சு பாலிஷ். அதன் அரக்கு ஜார்க்கண்ட் காடுகளிலிருந்து வருகிறது. அரக்கு உற்பத்தியில் இந்தியாதான் உலகில் முன்னணி. அரக்குச் செதிலைச் ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பந்தில் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்ப்பது. படலம் மெலிதாக இருப்பதால் முகப்பலகையின் அதிர்வை அமுக்காது, கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் திரும்பத் தேய்த்துச் சரிசெய்யலாம். வியர்வைக்கும் சூட்டுக்கும் தாங்காது என்பது உண்மை. மழைக்காலத்தில் தேய்த்தால் வெளிறிப் பால் பூத்தாற்போல் ஆகும், வறண்ட நாளாகப் பாருங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு மலைப்பாக இருந்தால் எலக்ட்ரிக் கிட்டாரில் தொடங்குங்கள். அதில் வளைப்பதும் இல்லை, பெட்டி மூடுவதும் இல்லை. 44 மி.மீ. தடிமனுள்ள ஒரு பலகை, அதில் நான்கு திருகாணியால் முடுக்கிய ஒரு கழுத்து. லியோ ஃபெண்டர் 1950-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது இதைத்தான். அதற்கு முந்தைய வருடம் அவர் செய்து பார்த்த மாதிரியின் உடல் பைன் மரம். ஈரப்பதத் தொல்லை பெருமளவு குறைகிறது, ஃபிரெட்டையும் கழுத்துக் கோணத்தையும் மட்டும் கற்றுக்கொள்ளலாம்.

வீட்டில் செய்த கிட்டார் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவதும் ஓர் எலக்ட்ரிக்தான். குயீன் இசைக்குழுவின் பிரையன் மே, பதின்ம வயதில், 1963-இல், தன் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிட்டார். முடிக்க இரண்டு வருடம் ஆயிற்று. கழுத்து, யாரோ கழற்றிப் போட்ட கணப்படுப்பின் பழைய மகோகனிச் சட்டம். அதில் பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். ஃபிரெட் அடையாளப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். கம்பியின் சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்புக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். அந்தக் கிட்டாரைத்தான் அவர் ஆயுள் முழுக்க மேடையில் வாசித்துவருகிறார். தந்தை மின்னணுப் பொறியாளர் என்பதால், கம்பியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்அப் வரை முதலில் வீட்டிலேயே செய்து பார்த்தார்கள், பிறகு கடையில் வாங்கியதை மாட்டினார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, பிக்அப் கடையில் கிடைக்கும்.

இல்லை, அக்கூஸ்டிக்தான் என்று உறுதியாக இருந்தால், பக்கங்கள் ஏற்கெனவே வளைத்து, ஃபிரெட் காடியும் வெட்டித் தருகிற கிட் (பாகங்களின் தொகுப்பு) ஒன்றில் தொடங்குவது கௌரவமான வழி. மாலை நேரங்களும் ஞாயிற்றுக்கிழமைகளுமாகச் செய்தால் ஒரு வருடத்தை ஒதுக்கிவையுங்கள். நான்கு கம்பிச் சின்னக் கிட்டார் போன்ற உக்குலேலேவைச் சிலர் பயிற்சிக்கென்று சிபாரிசு செய்வார்கள். நைலான் கம்பி, சின்ன உடல், மரமும் கொஞ்சம் போதும் என்பதெல்லாம் சரி. ஆனால் எல்லாப் பிசகும் சின்ன அளவில் பெரிதாகத் தெரியும். டிரஸ் ராட் பற்றியும் எஃகுக் கம்பியின் இழுப்பைப் பற்றியும் அது எதையும் கற்றுத்தராது. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

கடைசியாக, கம்பி மாட்டும் நாள். நட்டின் காடிகளையும் சேடிலையும் முதலில் வேண்டியதைவிட உயரமாகவே விட்டுவிடுங்கள். சேடிலின் இடத்தையும் அளவுக்குச் சரியாக 645 மி.மீ.யில் வைக்காதீர்கள். கம்பியை அழுத்தும்போது ஏறும் சுருதியை ஈடுகட்ட, மெல்லிய கம்பிக்கு 2 மி.மீ. அளவிலும் தடித்த கம்பிக்கு 4 மி.மீ. அளவிலும் பின்னால் தள்ளி, சேடிலைச் சாய்வாக வைப்பார்கள். முழுச் சுருதிக்கு ஏற்றியதும் புதுப் பெட்டி முதல் சில வாரங்கள் தனக்கேற்ப அமரும். முகப்பலகை கொஞ்சம் எழும்பும், கழுத்து முன்னால் வரும், டிரஸ் ராடை ஒரு கால் சுற்று முடுக்க வேண்டியிருக்கும். அது அடங்கும்வரை சேடிலில் கைவைக்காதீர்கள். ஒரு மாதம் தினமும் வாசியுங்கள். பிறகு 12-ஆவது ஃபிரெட்டில் கம்பி உயரத்தை அளந்து, குறைக்க வேண்டியதன் இரண்டு மடங்கைச் சேடிலின் அடிப்பாகத்தில் தேய்த்து எடுங்கள். மேலே தேய்த்தால் வளைவு போய்விடும்.